காணாததற்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஸ்காபரோவில் ஒரு பெரிய பேக்கரியில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். பாண், பணிஸ் பொதி கட்டும் பகுதி. கொம்பனியின் நேரடி ஆட்கள் 38 பேர். ஏஜென்சி மூலம் வருகிறவர்கள் 25 பேர் வரை இருப்பார்கள். யூனியன் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் சுப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, நான் பிரச்சினை இல்லாத ஆள் என்றும், இனிமேல் சேஃப்ரி கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதி நான்தான் என்றும் சொன்னார். இதுவரை ஒரு கூட்டமும் நடக்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு தாள் வரும். அதில் முப்பது கேள்விகள். எல்லாவற்றுக்கும் நேராக 'சரி' என்று ஏற்கனவே அடையாளம் போட்டிருக்கும். நான் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

ஆனால் எல்லாம் சரியாக இல்லை. 3ஆம் லைனில் பெல்ற் திரும்புகிற இடத்தில் உருளையை மூடியிருந்த தகட்டைத் தை மாதம் கழற்றினார்கள். இன்னும் திரும்பப் போடவில்லை. மா ஒட்டிப் பிடித்தால் லைனை நிறுத்தாமலே சுரண்டச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் ஏஜென்சிப் பிள்ளைகள். வாய் திறந்தால் அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள் என்று அவர்களுக்குப் பயம்.

எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. நான் கையெழுத்துப் போட்ட பிறகு யாருக்காவது கை போனால் நானா பொறுப்பு? பேசாமல் விலகிவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். விலக வேண்டாம். ஆனால் அந்தத் தாளில் இனிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும். ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

உங்களைத் தெரிவு செய்ய வேண்டியவர்கள் யார்?

20 பேர் அல்லது அதற்கு மேல் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் ஒரு கூட்டுக் குழு இருக்க வேண்டும். வேலைத்தளங்களில் ஜே.எச்.எஸ்.சி. என்று சொல்வது இதைத்தான். இதில் முதலாளி தரப்பு ஒன்று, தொழிலாளர் தரப்பு ஒன்று. உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் நிர்வாகப் பொறுப்பு எதுவும் இல்லாத தொழிலாளர்களாக இருக்க வேண்டும். முதலாளி தன் தரப்பு ஆட்களை நியமிக்கலாம். தொழிலாளர் தரப்பு ஆட்களைத் தெரிவு செய்வது தொழிலாளர்கள்தான். யூனியன் இருந்தால் யூனியன் தெரிவு செய்யும். உங்களை அந்தக் கதிரையில் இருத்தும் அதிகாரம் சுப்பர்வைசருக்கு இல்லை.

உங்கள் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கலாம். ஆனாலும் 'பிரச்சினை இல்லாத ஆள்' என்று நிர்வாகம் தெரிந்தெடுத்தவரிடம் போய் ஏஜென்சிப் பிள்ளை தன் பயத்தைச் சொல்லுமா? சாப்பாட்டு அறையில் எல்லோரும் சேர்ந்து, இவர் எங்களுக்காகப் பேசட்டும் என்று நிறுத்தியவரிடம்தான் சொல்லும். குழுவின் உயிரே அந்த நம்பிக்கையில் இருக்கிறது.

எண்ணிக்கையிலும் ஒரு பிசகு தெரிகிறது. 50 பேருக்குக் குறைந்த இடத்தில் குழுவுக்கு இரண்டு பேர் போதும். 50 அல்லது அதற்கு மேல் என்றால் குறைந்தது நான்கு பேர் வேண்டும். கொம்பனி தன் 38 பேரை மட்டும் எண்ணியிருக்கலாம். ஏஜென்சி ஆட்களின் வேலை மூன்று மாதத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் அவர்களும் கணக்கில் சேர வேண்டும். 38உம் 25உம் சேர்ந்தால் 63. சம்பளச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது இங்கே முக்கியம் இல்லை. சொந்த லொறி ஓட்டிய ஒப்பந்தச் சாரதிகளையும் இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று 2011இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பேக்கரிக் குழுவில் குறைந்தது இரண்டு தொழிலாளர்கள் இருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. அந்த இரண்டாவது ஆள் ஏஜென்சிப் பக்கத்தில் இருந்து வந்தால் இன்னும் நல்லது.

குழு என்ன செய்ய வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். தலைவர் ஒருவர் அல்ல, இருவர். தொழிலாளர் தரப்பு ஒருவரையும் நிர்வாகத் தரப்பு ஒருவரையும் இணைத் தலைவர்களாகத் தெரிவு செய்யும். பேசியதைக் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும். தொழில் அமைச்சின் பரிசோதகர் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். உறுப்பினர்களின் பெயரையும், அவர்கள் எந்தப் பகுதியில் வேலை செய்கிறார்கள் என்பதையும் எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டு. அதற்குத் தயார் செய்ய ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் குறைந்தது ஒரு மணித்தியாலம், அதற்கும் சம்பளம் உண்டு. வேலைத்தளத்தைச் சுற்றிப் பார்க்கும் நேரமும் வேலை நேரமே. உங்கள் இடைவேளையில் இவற்றைச் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழுவில் இரண்டு பக்கத்திலும் குறைந்தது ஒவ்வொருவர் சான்று பெற்ற உறுப்பினராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இரண்டு கட்டங்கள். முதலாவது பொதுவானது. இரண்டாவது உங்கள் வேலைத்தளத்தில் உள்ள ஆபத்துகளைப் பற்றியது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் நாட்களுக்கும் சம்பளம் உண்டு. சான்று பெற்றவர் எவரும் இல்லை என்றால், முதல் கூட்டத்தில் உங்கள் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

அந்தத் தாள்

இப்போது உங்களை உறுத்துகிற விடயத்துக்கு வருகிறேன். வேலைத்தளத்தின் நிலையை மாதம் ஒரு முறை நேரில் பார்ப்பது தொழிலாளர் தரப்பு உறுப்பினரின் வேலை. அதைச் செய்யப்போவது யார் என்று தீர்மானிப்பதும் தொழிலாளர் தரப்புத்தான். இடம் மிகப் பெரிது என்றால் மாதம் ஒரு பகுதியாகப் பார்த்து வருடத்துக்குள் முழுவதையும் முடிக்கலாம். எப்படிச் செய்தாலும் நடந்து, குனிந்து, நிமிர்ந்து பார்த்த பிறகே எழுத வேண்டும். வேறொருவர் அடையாளம் போட்டு நீட்டிய தாள் பரிசோதனை ஆகாது.

இதைச் சட்டப் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. நான் கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தேன். உங்களைப் போலவே என்னையும் குழுவில் போட்டார்கள். தாள் வரும், கையெழுத்து வைப்பேன். 'அவசர நிறுத்தப் பொத்தான்கள் வேலை செய்கின்றன' என்று அதில் ஒரு வரி. ஒரு நாளும் நான் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்ததில்லை. ஒரு மத்தியான ஷிப்ற்றில் என் பக்கத்து மெசினில் நின்ற பெண்ணின் கை அகப்பட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள். மெசின் நிற்கவில்லை. மின்சாரத்தை நிறுத்த ஆள் ஓடி வருவதற்குள் இரண்டு விரல் போய்விட்டது. அடுத்த நாள் பரிசோதகர் வந்து முந்திய மூன்று மாதத் தாள்களையும் மேசையில் வைத்தார். மூன்றிலும் என் கையெழுத்து. அவர் என்னைத் திட்டவில்லை, அந்தப் பெண்ணும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு கண்ணால் காணாத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

எனவே அடுத்த முறை தாள் வந்தால் அமைதியாகச் சொல்லுங்கள்: "நான் சுற்றிப் பார்த்துவிட்டு நிரப்பித் தருகிறேன். வெறும் தாள் தாருங்கள்." அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவை இல்லை. பிறகு லைன் லைனாக நடவுங்கள். அங்கே நிற்பவர்களிடம் கேளுங்கள். எங்கே கை பட்டுவிடுமோ என்று பயப்படுகிறாய், எது போன மாதம் பழுதாகியது என்று அவர்களுடைய பாசையில் கேளுங்கள். சுப்பர்வைசரின் காதுக்கு எட்டாத பல விடயங்கள் அப்போது வெளிவரும்.

முறைப்பாடும் பரிந்துரையும்

கண்டதைக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். குழு அதை ஆராய்ந்து முதலாளிக்கு எழுத்தில் பரிந்துரை கொடுக்கலாம். எழுத்தில் கொடுத்தால் முதலாளி 21 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். ஒத்துக்கொண்டால் எப்போது செய்து முடிப்பார் என்ற கால அட்டவணையும், ஒத்துக்கொள்ளாவிட்டால் அதற்கான காரணமும் அதில் இருக்க வேண்டும். 'பார்க்கிறோம்' என்று வாயால் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. குழுவுக்குள் மனதாரப் பேசியும் இணக்கம் வரவில்லை என்றால், இணைத் தலைவரில் யாராவது ஒருவர் தனியாகவே எழுதிக் கொடுக்கலாம். நிர்வாகத் தரப்பு தலையாட்டும்வரை காத்திருக்கத் தேவை இல்லை.

எப்படி எழுதுவது? '3ஆம் லைன் ஆபத்தாக இருக்கிறது' என்பது முறைப்பாடு. அதை வாசிப்பவர் ஓம் என்று சொல்லிவிட்டுக் கோப்பில் வைத்துவிடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

'3ஆம் லைனில் பெல்ற் திரும்பும் இடத்தில் உருளையை மூடியிருந்த தகடு தை மாதம் முதல் இல்லை. பெல்ற்றுக்கும் உருளைக்கும் நடுவில் கை இழுபடும் இடைவெளி திறந்து கிடக்கிறது. ஒரு ஷிப்ற்றில் பல தடவை அந்த இடத்தில் லைன் ஓட ஓட மா சுரண்டுகிறார்கள். தகட்டை உடனே பொருத்த வேண்டும். அதுவரை 3ஆம் லைனை ஓட்டக் கூடாது. சுத்தம் செய்வதற்கு முன் மெசினை நிறுத்தி, மீண்டும் அசையாதபடி தடுத்துப் பூட்ட வேண்டும். இதை இரண்டு ஷிப்ற் ஆட்களுக்கும் ஏஜென்சி ஆட்களுக்கும் செய்து காட்ட வேண்டும்.'

எந்த இடம், எப்போதிருந்து, என்ன நடக்கலாம், என்ன செய்ய வேண்டும். இந்த நான்கும் இருந்தால் பரிந்துரை முழுமையாகிவிடும். இதில் நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை. அசையும் பாகம் தொழிலாளியைக் காயப்படுத்தக் கூடியது என்றால் அதற்கு மறைப்பு வேண்டும், ஆபத்தான அசைவு நின்ற பிறகே சுத்தம் செய்ய வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கான ஒன்ராறியோ ஒழுங்குவிதியே சொல்கிறது.

ஆங்கிலத்தை நினைத்து மலைக்க வேண்டாம். உறுப்பினருக்கு இவ்வளவு ஆங்கிலம் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. முதலில் தமிழிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி, நேரம், இடம் போட்டு எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகள் மொழிபெயர்த்துத் தரட்டும். இன்னொன்றும் கேளுங்கள். தொழிலாளரின் உரிமைகளையும் கடமைகளையும் விளக்கும் அமைச்சின் அறிவித்தலை ஆங்கிலத்திலும் அந்த இடத்துப் பெரும்பான்மையோரின் மொழியிலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பேக்கரியில் அது எந்த மொழியில் இருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள்.

21 நாள் காத்திருக்க முடியாதவை

அந்தத் தகட்டு விடயம் 21 நாள் பொறுக்காது. பாதுகாப்பு மறைப்பு இல்லை என்பதைக் கண்ட தொழிலாளி முதலாளிக்கோ சுப்பர்வைசருக்கோ அறிவிக்க வேண்டும் என்பது சட்டம் உங்களுக்குத் தரும் கடமை. குழு, கூட்டம் எதற்கும் காத்திராமல் இன்றைக்கே சொல்லுங்கள். சொன்ன நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள்.

இதற்கு மேலே மறுக்கும் உரிமை இருக்கிறது. தனக்கோ இன்னொரு தொழிலாளிக்கோ ஆபத்து வரலாம் என்று நம்பக் காரணம் இருந்தால் தொழிலாளி அந்த வேலையைச் செய்ய மறுக்கலாம். ஏஜென்சிப் பிள்ளைக்கும் இது பொருந்தும். மறுப்பதை உடனே சுப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் தொழிலாளர் தரப்புக் குழு உறுப்பினரைக் கூப்பிட்டு, மறுத்தவரையும் வைத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும். அந்த நேரம் நீங்கள் அங்கே நிற்பீர்கள். மறுத்தவர் பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். சம்பளம் வெட்டக் கூடாது. விசாரித்த பிறகும் ஆபத்து தீரவில்லை என்று அவர் நியாயமாக நம்பினால் அமைச்சின் பரிசோதகரைக் கூப்பிட வேண்டும். பரிசோதகர் முடிவு சொல்வதற்குள் இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்த நினைத்தால், ஒருவர் மறுத்திருக்கிறார், இன்ன காரணத்துக்காக மறுத்தார் என்று உங்கள் முன்னிலையில் அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். விடயம் தெரியாத ஒரு பிள்ளையைக் கூட்டி வந்து அந்த உருளைக்கு முன்னால் நிறுத்த முடியாது.

நீங்கள் சான்று பெற்ற உறுப்பினரானால் இன்னொரு அதிகாரமும் சேரும். சட்டத்தை மீறுவதால் ஆபத்து இருக்கிறது, தாமதித்தால் ஒருவருக்குப் பெரும் தீங்கு வரலாம் என்று இரண்டு பக்கத்துச் சான்று பெற்ற உறுப்பினர்களும் சேர்ந்து கண்டால், அந்த வேலையை நிறுத்தும்படி முதலாளிக்குப் பணிக்கலாம்.

இந்த உரிமைகள் எங்கிருந்து வந்தன?

1960 மார்ச் 17 அன்று ரொறன்ரோவின் ஹொக்ஸ் ஹொலோவில், டொன் ஆற்றுக்குக் கீழே நீர்க்குழாய்ச் சுரங்கத்தில் தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள். ஐந்து பேரும் இத்தாலியில் இருந்து வந்த குடியேறிகள். வந்த நாட்டில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, கேள்வி கேட்கப் பயந்து நின்ற நிலை எங்களுக்குத் தெரியாததா? அந்தச் சாவுகளால் எழுந்த கோபம் ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சட்டங்களை மாற்ற வைத்தது. 1974இல் எலியட் லேக் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள் நுரையீரலை அரிக்கும் தூசியைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் தங்களுக்குச் சொல்லவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அதை ஆராய ஜேம்ஸ் ஹாம் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1976இல் வந்தது. ஆபத்துக்கு அருகில் நிற்பவருக்கே அதைப் பற்றி அதிகம் தெரியும், அவர் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1978இல் நிறைவேறி 1979இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அறியும் உரிமை, பங்கேற்கும் உரிமை, மறுக்கும் உரிமை மூன்றும் இடம்பிடித்தன. குழுவில் உங்கள் கதிரை பங்கேற்கும் உரிமையின் கதிரை.

நான் பொறுப்பாளியா?

வேலைத்தளத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை முதலாளியுடையது. நிலைமைக்கு ஏற்ற எல்லா முன்னெச்சரிக்கையும் அவர் எடுக்க வேண்டும். தவறினால் நிறுவனத்துக்கு ஒரு குற்றத்துக்கு 20 இலட்சம் டாலர் வரை தண்டம் விதிக்க இப்போது இடம் இருக்கிறது. குழு உறுப்பினர் நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக அவர் மேல் நட்டஈட்டு வழக்குப் போட முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் தங்கச்சி, தகடு இல்லை என்று தெரிந்துகொண்டே 'சரி' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவதை நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது. உள்ளதை உள்ளபடி எழுதினால் அந்தக் கையெழுத்தே உங்களுக்குக் காவல்.

இதற்காக உங்களை வேலையை விட்டு நிறுத்தினாலோ, மணித்தியாலத்தைக் குறைத்தாலோ, மிரட்டினாலோ அது பழிவாங்கல். ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபையில் முறையிடலாம். அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. யூனியன் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது. அமைச்சின் பாதுகாப்புத் தொலைபேசி 1-877-202-0008. பெயர் சொல்லாமலும் முறையிடலாம். பரிசோதகர் வந்தால் அவரோடு சுற்றிப் பார்க்கத் தொழிலாளர் தரப்பு உறுப்பினருக்கு இடம் தர வேண்டும். அன்றைக்கு உங்கள் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 6 முதல் 19 பேர் வரை வேலை செய்யும் இடங்களில் பொதுவாகக் குழுவுக்குப் பதிலாகத் தொழிலாளர்கள் தெரிவு செய்த ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் இதில் அடங்கும். கொத்துரொட்டிக் கல்லுக்கு முன்னால் நிற்பவருக்கும் இந்தச் சட்டம் உண்டு. கடை நடத்தும் அண்ணன்மாரும் அக்காமாரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, விமான சேவை, மாகாண எல்லை கடந்து ஓடும் லொறிகள் போன்றவற்றுக்கு மத்திய அரசின் சட்டம் பொருந்தும். அதிலும் குழுவும் பிரதிநிதியும் உண்டு.

தங்கச்சி, இந்தக் கிழமை மூன்று காரியம் செய்யுங்கள். தகட்டைப் பற்றி இன்றைக்கே சுப்பர்வைசரிடம் சொல்லி, சொன்ன நேரத்தை எழுதி வையுங்கள். ஒரு கொப்பியோடு லைன்களைச் சுற்றி வாருங்கள். பிறகு சாப்பாட்டு அறையில் இரண்டு ஷிப்ற் ஆட்களையும், ஏஜென்சிப் பிள்ளைகளையும் சேர்த்துக் கேளுங்கள்: எங்களுக்காகக் குழுவில் யார் இருக்க வேண்டும்? கை உயர்த்தித் தெரிவு செய்யட்டும், அல்லது துண்டில் எழுதித் தரட்டும். உங்களைத் தெரிவு செய்தால் அன்றிலிருந்து நீங்கள் உண்மையான பிரதிநிதி. வேறொருவரைத் தெரிவு செய்தால் மனம் நோகாமல் அந்தக் கொப்பியை அவர் கையில் கொடுங்கள். 3ஆம் லைனைப் பற்றிய பக்கத்தை மடித்து வைத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா